விருந்தினருக்கு நாம் காட்டும் சாதனங்கள்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகளுக்குக் குறைவிராது. எங்களுக்கு ஒதுக்கப்பெற்ற நேரத்தை, நம் கணிப்பொறி அறையில் நீங்கள் நாள்தோறும் பழகிவரும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கே செலவிட விரும்புகின்றோம். அறையின் மூலையில் இரைந்துகொண்டே இருக்கும் சர்வர்ப் பொறியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஓர் அலுவலகத்தார் தமக்கு வேண்டாமென்று கழித்துவிட்ட பொறி அது. இன்று மாலை வேளைகளில் பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்கொரு கணிப்பொறியைத் தனியுடைமையாகப் பெற்றவர்களைப் போல அந்த ஒரே பொறியின்மீது அமர்ந்து பணியாற்றுகின்றீர்கள்.

இதனால் விளைந்த நன்மை யாது? செலவு மிச்சமாயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எங்கள் கணக்கில் பெரிய நன்மை வேறொன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கணிப்பொறியைக் கெடுத்துப் பார்க்கும் உரிமை பிறப்பிலேயே கிடைத்துவிடுகின்றது. நிறுவுகின்றான், கெடுக்கின்றான், மறுபடியும் நிறுவுகின்றான், அப்படியே கற்றுக்கொள்கின்றான். நம் பிள்ளைகளோ பிறர் பொறியைத் தொடும்போதெல்லாம், கெட்டுப்போனால் யார் பணம் கட்டுவது என்ற அச்சத்தோடு தொட்டவர்கள். மெய்நிகர்ப் பொறி அந்த அச்சத்தைப் போக்கிற்று. ஒரு பொறி கெட்டால் ஒரு கோப்பை அழித்து வேறொரு கோப்பைப் படியெடுத்து வைத்தால் போதும். பக்கத்து மாணவனுக்கும் கேடில்லை, சங்கத்துக்கும் செலவில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு சரிவர நடப்பதும் நடவாமற்போவதும் ஒரு செய்கையைப் பொறுத்தே இருக்கின்றது. விருந்தினராக வரும் இயங்குதளத்துக்கு எந்தெந்தச் சாதனங்களை, எந்த வடிவில் நாம் காட்டுகின்றோம் என்பதே அது. கடந்த ஆண்டுகளில் நம் அறையில் நிகழ்ந்த இடையூறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் விளைந்தவையே என்பதை அநுபவத்தில் கண்டோம்.

கணிப்பொறியின் பிராசசரையும் நினைவகத்தையும் கருவிகளையும் ஆளுகின்ற இயங்குதளத்தின் உட்கருவுக்கு முற்காலத்தில் சூப்பர்வைசர் என்று பெயர். அந்தச் சூப்பர்வைசர்கள் பலவற்றையும் மேற்பார்வையிடும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர் வந்தது. அதன்மேல் ஓடுகின்ற இயங்குதளத்தை விருந்தினர் என்றும், தாங்குகின்ற உண்மைப் பொறியை ஓம்புநர் என்றும் வழங்குகின்றோம். தான் விருந்துக்கு வந்த இடத்தில் இருப்பதைப் பெரும்பாலான விருந்தினர் அறியார். தமக்கென்று ஒரு முழுப் பொறி உள்ளது என்றே எண்ணி நடப்பார்கள்.

இது நேற்று முளைத்த புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனத்தின் அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் உருவான சிபி-40 என்னும் அமைப்பு 1967-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே பொறியில் பதினான்கு மெய்நிகர்ப் பொறிகளை அது நடத்திற்று. அதன் வழித்தோன்றலாகிய விஎம்/370 என்பதை அந்நிறுவனம் 1972-இல் அறிவித்தது. அக்காலத்தில் துளையிட்ட அட்டைகளால்தான் கணிப்பொறிக்கு ஆணையிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு விருந்தினருக்கும் மெய்நிகர் அட்டைப் படிப்பான், மெய்நிகர் அட்டைத் துளைப்பான், மெய்நிகர் அச்சுப்பொறி ஆகிய மூன்றும் வழங்கப்பெற்றன. ஒருவர் தம் மெய்நிகர்த் துளைப்பானில் துளையிட்டால் அந்த அட்டைக்கட்டு மற்றொருவரின் மெய்நிகர்ப் படிப்பானில் வந்து விழும். இப்படித்தான் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டார்கள். அட்டையும் இல்லை, துளையும் இல்லை. ஆனால் வேலை மட்டும் நடந்தது! இல்லாத சாதனத்தைக் காட்டி உண்மையான பணியை வாங்கும் வித்தை அன்றே முழுமை பெற்றுவிட்டது என்பது எங்கள் கருத்து.

இன்டெல் வகைப் பிராசசர்களுக்கு இது எளிதாக வாய்க்கவில்லை. ஒரு பிராசசர் எத்தன்மையதாயின் அதன்மேல் மெய்நிகர்ப் பொறிகளைச் செம்மையாக நடத்தலாம் என்பதற்குப் போப்பெக், கோல்டுபெர்க் என்னும் இருவர் 1974-இல் இலக்கணம் வகுத்தனர். அந்த இலக்கணத்துக்கு இன்டெல் பிராசசர் நெடுங்காலம் அடங்காதிருந்தது. 1999-இல் விஎம்வேர் நிறுவனத்தார் கட்டளைகளை ஓடும்போதே மாற்றியெழுதி அந்தத் தடையைத் தாண்டினர். 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஜென் என்னும் அமைப்பில் விருந்தினரையே திருத்தி எழுதினர். 2005-இலும் 2006-இலும் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் பிராசசருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. அதனைப் பயன்படுத்தி ஆவி கிவிட்டி என்பவர் எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது. நம் அறையில் ஓடுவது இந்தக் கேவிஎம்தான். அதனோடு இணைந்து சாதனங்களை நடித்துக்காட்டும் நிரல், பிரெஞ்சு நாட்டு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003-இல் வெளியிட்ட கியூஎமு. இரண்டுக்கும் விலை கிடையாது.

பிராசசரை ஒருவாறு பகிர்ந்தாயிற்று. நினைவகத்தையும் பங்கு போட்டாயிற்று. சாதனங்களை என் செய்வது? ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பன்னிரண்டு துண்டாக்க முடியுமா? ஒரு நெட்வொர்க் கார்டைப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆண்டால் என்ன ஆகும்?

விருந்தினர் கண்விழிக்கும் வேளையை நினைத்துப் பாருங்கள். விழித்தவுடன் அவர் தம் பொறியின் பிசிஐ இணைப்புத் தடத்தில் இடம் இடமாகச் சென்று, இங்கே யார் இருக்கிறீர்கள் என்று கேட்கின்றார். ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு எண்கள் விடையாக வரும்: தயாரித்தவர் எண் ஒன்று, சாதனத்தின் எண் மற்றொன்று. தயாரித்தவர் எண் 8086 என்றால் இன்டெல் என்று பொருள். அந்த எண்களுக்குரிய டிரைவர் மென்பொருளைத் தம் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொள்கின்றார். கேள்வி கேட்பவர் விருந்தினர். விடை தருபவரோ கியூஎமு. எந்த விடையைத் தரவேண்டும் என்று கியூஎமுவுக்கு எழுதி வைப்பதைத்தான் சாதனங்களை அமைத்தல் என்கின்றோம்.

முதல் வழி, உலகில் உண்மையாகவே இருந்த ஒரு பழைய சாதனத்தை அப்படியே நடித்துக் காட்டுவது. கியூஎமு காட்டும் இ1000 என்னும் நெட்வொர்க் கார்டு, இன்டெல் நிறுவனத்தின் 82540இஎம் என்னும் சில்லின் நிழல். ஐடிஇ வட்டு என்று நாம் காட்டுவது தொண்ணூறுகளில் வீட்டுக் கணிப்பொறிகளில் இருந்த வட்டின் நிழல். பழைய இயங்குதளங்கள் பலவும் இவற்றை அறிந்துகொள்ளும். அதுவே இவ்வழியின் சிறப்பு.

குறை எங்கே இருக்கின்றது? ஐடிஇ வட்டிலிருந்து ஒரு பகுதியைப் படிக்க விரும்பும் விருந்தினர், எத்தனை பகுதிகள் என்று ஒரு துறையில் எழுதவேண்டும்; இருப்பிடத்தின் எண்ணை மூன்று துறைகளில் பிரித்து எழுதவேண்டும்; எந்த வட்டு என்று ஒரு துறையில் எழுதவேண்டும்; பிறகு கட்டளையை எழுதவேண்டும். ஆக ஆறு எழுத்துகள். உண்மைப் பொறியில் இவை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மெய்நிகர்ப் பொறியிலோ ஒவ்வோர் எழுத்தின்போதும் பிராசசர் விருந்தினரை நிறுத்திவிட்டு வெளியே வருகின்றது, கேவிஎம் பார்க்கின்றது, கியூஎமுவை அழைக்கின்றது, கியூஎமு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டபின் விருந்தினர் மீண்டும் உள்ளே அனுப்பப்படுகின்றார். ஒவ்வொரு போக்குவரத்துக்கும் பிராசசரின் துடிப்புகள் ஆயிரத்துக்கும் மேலே வீணாகின்றன. அலுவலகத்தில் ஒரு மனுவைக் கொடுக்கச் சென்றவரை, பெயருக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு முறை, தேதிக்கு ஒரு முறை என்று வரிசையில் மீண்டும் மீண்டும் நிற்கவைத்தால் எப்படியோ அப்படி. அந்த வரிசையில் நின்றவர்கள் நம்மில் பலர்; ஆதலால் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, உலகில் என்றுமே இருந்திராத ஒரு சாதனத்தை, மெய்நிகர்ப் பொறிக்கென்றே வகுத்துக் காட்டுவது. ஆஸ்திரேலிய நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் இயற்றிய விர்ட்டியோ என்னும் முறை இதுவே. 2008-இல் லினக்ஸில் இடம்பெற்றது. இதில் விருந்தினரும் ஓம்புநரும் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றனர். தமக்கு வேண்டியவற்றையெல்லாம் விருந்தினர் அந்தப் பொதுப் பலகையில் வரிசையாக எழுதிவைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு முறை தட்டுகின்றார். ஓம்புநர் அத்தனையையும் முடித்து, முடித்தவற்றை மற்றொரு வரிசையில் குறிக்கின்றார். தட்டல் குறைந்தது, வேகம் கூடிற்று. லினக்ஸ் விருந்தினருக்கு நெட்வொர்க்கும் வட்டும் விர்ட்டியோவாகவே காட்டவேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. இ1000 காட்டி மந்தமாக ஓடவிட்டுவிட்டுப் பொறி பழையது என்று குறைகூறும் வழக்கத்தை இனியாவது விடுவோமாக.

இங்கே ஓர் இடர் உண்டு. விர்ட்டியோவுக்கென்று டிரைவர் மென்பொருள் விருந்தினரிடம் இருந்தாக வேண்டும். லினக்ஸில் அது உடன்பிறந்தது, விண்டோஸில் இல்லை. நம் மாணவர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். ஐடிஇ வட்டில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் விருந்தினரை விர்ட்டியோ வட்டுக்கு மாற்றியவுடன் நீலத்திரை தோன்றுகின்றது, ஏன், எப்படிச் சரிசெய்வாய் என்று கேட்டார்கள். விண்டோஸ் கெட்டுவிட்டது, மறுபடியும் நிறுவவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை. குற்றம் அவருடையதன்று, நாங்கள் சொல்லித் தரவில்லை. ஆகவே இப்போது சொல்கின்றோம். துவக்க வட்டைப் படிக்கும் டிரைவர் இல்லாமையால் விண்டோஸ் தன் வீட்டுக் கதவைத் தானே திறக்க முடியாமல் நிற்கின்றது, அவ்வளவுதான். பழைய ஐடிஇ வட்டை அப்படியே விட்டு, சிறிய வெற்று வட்டு ஒன்றை இரண்டாவதாக விர்ட்டியோ வகையில் இணையுங்கள். விண்டோஸ் எழுந்ததும் புதிய சாதனம் ஒன்றைக் கண்டதாகக் கூறும். விண்டோஸுக்கான விர்ட்டியோ டிரைவர்கள் அடங்கிய குறுவட்டுக் கோப்பு இலவசமாகக் கிடைக்கின்றது. அதிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். பிறகு பொறியை அணைத்து, துவக்க வட்டை விர்ட்டியோவுக்கு மாற்றுங்கள். நிறுவிய டிரைவர் இப்போது உள்ளே இருப்பதால் கதவு திறக்கும்.

இனி வட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியிருக்கின்றது. விருந்தினர் தமக்கு நாற்பது ஜிகாபைட் வட்டு இருப்பதாக நினைக்கின்றார். ஓம்புநரின் பார்வையில் அது ஒரு கோப்பு, அவ்வளவே. அந்தக் கோப்பு கியூகவ்2 என்னும் வடிவில் இருந்தால், எழுத எழுதத்தான் வளரும். மேலும் ஒரு வசதி: ஒரு மூலக்கோப்பை வைத்து, அதன்மேல் ஆளுக்கொரு மேற்கோப்பை அடுக்கலாம். படிக்கும்போது மேற்கோப்பில் இல்லாதவை மூலத்திலிருந்து வரும். எழுதுபவையெல்லாம் மேற்கோப்பில் மட்டும் தங்கும். நம் அறையில் மூலம் ஒன்று, மேற்கோப்புகள் பன்னிரண்டு. பன்னிரண்டு முழு வட்டுகளுக்கு இடமில்லாத பொறியில் நாம் பிழைத்திருப்பது இதனால்தான். ஆனால் மேற்கோப்புகள் பிறந்தபின் மூலத்தில் யாரும் ஓர் எழுத்தும் மாற்றலாகாது. மாற்றினால் பன்னிரண்டும் ஒருங்கே குழம்பும். அக்கோப்பைப் படிக்க மட்டும் உரியதாகப் பூட்டி வைத்திருக்கின்றோம். பூட்டை அவிழ்க்கச் சொல்லி எங்களிடம் யாரும் வரவேண்டாம்.

அடுத்தது வட்டின் இடைத்தேக்கம் பற்றிய அமைப்பு. இதைச் சொல்லும்போது எங்களுக்கு நாக்கூசுகின்றது. ஆயினும் சொல்லியே தீரவேண்டும். விருந்தினர் எழுதுவதை ஓம்புநர் உடனே உண்மை வட்டில் பதிக்காமல் நினைவகத்தில் தேக்கி வைக்கலாம். வழக்கமாக உள்ள முறையில், தேக்கினாலும், விருந்தினர் இதுவரை எழுதியதை வட்டில் பதித்துவிடு என்று ஆணையிட்டால் ஓம்புநர் பதித்துவிடுவார். தேக்கமின்றி நேரே வட்டுக்கு அனுப்பும் முறையும் உண்டு. மூன்றாவதாகப் பாதுகாப்பற்றது என்று பெயரிலேயே எச்சரிக்கை தாங்கிய ஒரு முறை உண்டு. அதில், பதித்துவிடு என்னும் ஆணைக்குப் பதித்துவிட்டேன் என்று பொய்யாக விடை வரும். புதிதாக ஓர் இயங்குதளத்தை நிறுவும்போது மட்டும் இதை வைத்தால் வேலை விரைவில் முடியும். இடையில் கெட்டாலும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

ஓர் ஆண்டு, புதிய தொகுதி மாணவர்களுக்காகப் பொறிகளை நிறுவும்போது நாங்கள் அம்முறையை வைத்தோம். நிறுவி முடித்தபின் மாற்ற மறந்தோம். பொறிகள் மிக விரைவாக ஓடுகின்றன என்று மாணவர்கள் மகிழ்ந்தார்கள்; நாங்களும் பெருமை கொண்டோம். மூன்று வாரம் சென்றது. ஒரு மாலை மின்சாரம் நின்றது. யுபிஎஸ் மின்கலம் வலுவிழந்திருந்ததால் அரை நிமிடத்தில் சர்வரும் நின்றது. மீண்டும் எழுப்பியபோது ஐந்து விருந்தினர்களின் கோப்பு அமைப்பு சிதைந்து கிடந்தது. அவற்றுள் ஒன்றில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், தம் தாயார் சேர்ந்திருந்த சுய உதவிக் குழுவின் வரவு செலவுக் கணக்குக்கென்று எழுதிய நிரல் இருந்தது. குழுவினரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தியது அது. வேறு படி இல்லை. பதித்துவிடு என்று விருந்தினர் ஒவ்வொரு முறையும் முறைப்படி கேட்டிருக்கின்றார். பதித்ததாக நாம் பொய் சொல்லியிருக்கின்றோம். மின்சாரத்தின்மேல் பழிபோட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் வழக்கமான முறையை வைத்திருந்தால், அன்று அவர் கடைசியாகச் சேமித்தபின் எழுதிய சில வரிகளே போயிருக்கும். அந்த மாணவி எங்களை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார். அதுதான் எங்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இன்று நம் அறையில் ஒவ்வொரு பொறியின் அமைப்புக் கோப்பிலும் இந்த ஒரு சொல்லைச் சரிபார்த்த பின்பே வகுப்புக்குத் திறக்கின்றோம்.

நெட்வொர்க்கில் நேர்ந்தது சிரிப்புக்குரியது. இரண்டு மாணவர்கள் தத்தம் பொறியில் இணையப் பக்கம் ஒன்றை அமைத்திருந்தனர். ஒருவர் வேலை செய்யும்போது மற்றவருடையது நின்றுபோகும். நீதான் என் பொறியைக் கெடுக்கின்றாய் என்று பேச்சு முற்றிற்று. பார்த்தால், இருவரும் கியூஎமுவைக் கையாலேயே ஏவியிருந்தார்கள். கார்டின் முகவரியைக் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் கியூஎமு தானாகவே 52:54:00:12:34:56 என்னும் முகவரியைக் கொடுக்கும், எல்லோருக்கும் அதையே கொடுக்கும். தனித்தனி வலையில் இருந்தால் தீங்கில்லை. இவர்களோ ஒரே இணைப்புப் பாலத்தில் இருந்தனர். ஒரே கதவிலக்கம் எழுதிய இரண்டு வீடுகளுக்கு இடையே தபால்காரர் படும் பாட்டை அந்தப் பாலம் பட்டுக்கொண்டிருந்தது. முதல் மூன்று இரட்டை எண்களை அப்படியே வைத்து, பின் மூன்றையும் ஆளுக்கொன்றாக மாற்றியவுடன் சண்டை தீர்ந்தது. லிப்வர்ட் என்னும் மேலாண்மை மென்பொருள் வழியாகப் பொறியை அமைத்தால் முகவரியை அதுவே வேறுவேறாகப் போட்டுவிடும். ஆனால் அமைப்புக் கோப்பைக் கையால் படியெடுப்பவர் முகவரியையும் சேர்த்தே படியெடுக்கின்றார் என்பதை மறக்கவேண்டாம். இன்னொன்று: எளிய பயனர் வலையில் இருக்கும் விருந்தினருக்கு 10.0.2.15 என்னும் முகவரி கிடைக்கும். அவர் வெளியே செல்லலாம். வெளியிலிருந்து அவரை நேரே அழைக்க முடியாது. என் பொறியைப் பக்கத்துப் பொறி காணவில்லையே என்று கேட்பவர்கள் முதலில் தாம் எந்த வலையில் இருக்கின்றோம் என்று பாருங்கள்.

சிறிய சாதனங்களும் தொல்லை தரும். விண்டோஸ் விருந்தினரின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பொறியின் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டும் என்று விண்டோஸ் நம்புகின்றது. கியூஎமுவோ உலகப் பொது நேரத்தைக் காட்டுகின்றது. இடைவெளி நம் நாட்டு நேர வேறுபாடு. கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று ஒரு சொல்லால் மாற்றினால் தீர்ந்தது. நாள்தோறும் கையால் திருத்துவது வீண் வேலை. சுட்டி ஓரிடத்திலும் அம்புக்குறி ஓரிடத்திலுமாக அலைந்தால், பழைய மவுசுக்குப் பதிலாக யுஎஸ்பி டேப்ளட் என்னும் சாதனத்தைக் காட்டுங்கள். மவுசு எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லும்; டேப்ளட் திரையில் எங்கே இருக்கிறது என்றே சொல்லும்.

இப்போது இளைஞர்கள் கூர்ந்து கேட்கவேண்டிய செய்திக்கு வருகின்றோம். நீங்கள் காட்டும் ஒவ்வொரு மெய்நிகர்ச் சாதனமும் ஓம்புநரில் ஓடுகின்ற ஒரு நிரல். விருந்தினர் எதை எழுதினாலும் அந்த நிரல் வாங்கிக்கொள்கின்றது. வாங்கும் நிரலில் பிழையிருந்தால்?

2015 மே மாதத்தில் வெனம் என்னும் பெயரால் ஒரு பிழை வெளிப்படுத்தப்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசன் கெஃப்னர் கண்டுபிடித்தது. பிழை எங்கே இருந்தது தெரியுமா? ஃபிளாப்பி வட்டை நடித்துக்காட்டும் நிரலில்! 2015-இல் ஃபிளாப்பியைக் கையாண்டவர் யார்? விருந்தினர் அனுப்பும் கட்டளைகளைத் தேக்கிவைக்க அந்த நிரலில் 512 பைட் அளவுள்ள ஓர் இடம் இருந்தது. குறிப்பிட்ட சில கட்டளைகளின்போது, நிரம்பிவிட்டதா என்று பார்க்காமலே அது மேலும் மேலும் வாங்கிக்கொண்டது. வரம்பு கடந்து எழுதப்படும்போது கியூஎமுவின் பிற நினைவகப் பகுதி சிதையும். தீயவன் ஒருவன் அதைப் பயன்படுத்தித் தன் விருந்தினர் பொறியிலிருந்து வெளியேறி ஓம்புநருக்குள் புகுவதற்கும், அங்கிருந்து பிற விருந்தினரைத் தொடுவதற்கும் வழி பிறந்தது. அந்தப் பிழை 2004-ஆம் ஆண்டு முதல் உள்ளே உறங்கிக் கிடந்தது. அதனினும் பெரிய வியப்பு: எங்கள் பொறியில் ஃபிளாப்பியே இணைக்கவில்லை என்றவர்களும் தப்பவில்லை. வட்டு இல்லாவிட்டாலும் வட்டை ஆளும் கட்டுப்பாட்டுச் சாதனம் பொறியில் இருந்தது. கியூஎமுவின் நிரலைப் பயன்படுத்திய கேவிஎம், ஜென், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவை திருத்தம் பெறவேண்டியதாயிற்று. விஎம்வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகியவற்றில் இப்பிழை இல்லை.

இதனால் நம் அறையில் செய்த மாற்றம் ஒன்று உண்டு. கியூஎமு இரண்டு வகைப் பொறிகளைக் காட்டும். பழையது, 1996-இல் வந்த இன்டெல் சில்லின் வடிவம். கியூ35 என்பது 2007-இன் சில்லு வடிவம். புதிய விருந்தினருக்கெல்லாம் கியூ35 வைக்கின்றோம். அதன் அண்மைப் பதிப்புகள் ஃபிளாப்பிக் கட்டுப்பாட்டைத் தாமாகச் சேர்ப்பதில்லை. ஒலிக் கார்டு, பயன்படாத சீரியல் துறைகள், யாரும் கேட்காத இரண்டாம் குறுவட்டு இயக்கி ஆகியவற்றை நீக்கினோம். உரை மட்டும் காட்டும் பொறிக்கு வரைகலைக் கார்டு எதற்கு? அமேசான் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் இதனை எல்லைவரை கொண்டுசென்றது. அது காட்டியவை நெட்வொர்க், வட்டு, ஓம்புநரோடு பேசும் ஒரு வழி, சீரியல் முனையம், பொறியை நிறுத்துவதற்கு மட்டும் உதவும் ஒரு விசைப்பலகைக் கட்டுப்பாடு; ஆக ஐந்தே சாதனங்கள். வசதி அதிகம் வேண்டுமென்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்போர் நம்மிலும் உண்டு. அவர்கள் ஃபிளாப்பியை நினைத்துக்கொள்வார்களாக.

மூன்றாம் வழி ஒன்று உண்டு. சுருக்கமாகவே சொல்வோம், ஏனெனில் நம் பொறியில் அதற்கு வாய்ப்புக் குறைவு. நடிப்பு எதுவுமின்றி உண்மைச் சாதனத்தையே ஒரு விருந்தினர் கையில் ஒப்படைப்பது அது. லினக்ஸில் 2012 முதல் விஎஃப்ஐஓ என்னும் வாயிலால் செய்கின்றார்கள். வேகம் மிகுதி. ஆனால் சாதனம் தானே நினைவகத்தில் எழுதவல்லது. பிறர் பகுதியில் எழுதாமல் தடுக்க ஐஓஎம்எம்யு என்னும் காவல் தாய்ப்பலகையில் இருக்கவேண்டும். அந்தக் காவல் சாதனங்களைக் குழுக்களாகவே பிரித்தறியும். ஒரே குழுவில் உள்ளவற்றுள் ஒன்றை விருந்தினரிடமும் மற்றொன்றை ஓம்புநரிடமும் வைக்க இயலாது. நம் சர்வரில் வரைகலைக் கார்டும் வட்டுக் கட்டுப்பாடும் ஒரே குழுவில் இருக்கின்றன. கார்டைக் கொடுத்தால் வீட்டையே கொடுத்ததாகும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. லிப்வர்ட் ஒவ்வொரு பொறியின் சாதனப் பட்டியலையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி வைக்கின்றது. ஒவ்வொரு சாதனத்துக்கும் பிசிஐ தடத்தில் இன்ன இடம் என்று அதில் முகவரியும் இருக்கும். தேவையற்ற வரிகள் என்று எண்ணி அவற்றைச் சிலர் அழித்துவிடுகின்றனர். அடுத்த முறை சாதனம் வேறிடத்தில் அமரும், லினக்ஸ் விருந்தினர் தம் நெட்வொர்க் கார்டை வேறு பெயரால் அழைப்பார், பழைய பெயருக்கு எழுதிய அமைப்பு பயன்படாது, வலை நின்றுபோகும். அந்த வரிகளைத் தொடாதீர்கள். கோப்பைத் திருத்துமுன் ஒரு படி எடுத்து, தேதியிட்டு வையுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அறை திறந்திருக்கும். இன்னும் பழைய வகையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஏழாம், ஒன்பதாம் எண் விண்டோஸ் பொறிகள் இரண்டையும், சற்றுமுன் சொன்ன முறைப்படி, விர்ட்டியோவுக்கு மாற்றப் போகின்றோம். மூலக்கோப்பின் படி தனி வட்டில் உள்ளது. நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வந்த மாணவர், ஏழாம் எண்ணைத் தாமே மாற்றுவதாகச் சொல்லியிருக்கின்றார். பார்க்க விரும்புவோர் வரலாம்.